உபயம் எழுதாத வெளிச்சம்

எங்கள் ஊர் அம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு டியூப் லைட் உண்டு. வெள்ளைக் குழாயின்மேல் சிவப்புப் பெயின்ட்டில் "உபயம்" என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், தெரு, வருஷம் என்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எழுதியிருக்கும். எழுத்து அடைத்துக்கொண்டதுபோக மிச்சம்தான் வெளிச்சம். பிளஸ் டூ படிக்கிற காலத்தில் எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சாமிக்கு விளக்கு வாங்கித் தருகிறவர் எதற்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "யார் குடுத்ததுன்னே தெரியாத வெளிச்சத்துல எப்படித்தா போயி உக்கார்றது?"

அந்த வயதில் அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

திருவிழாவின் கடைசி நாள் ராத்திரி நாடகம் நடக்கும். நடுச்சாமத்தில், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, பபூன் கையைத் தூக்கி நிறுத்துவார். ஹார்மோனியம் அடங்கும். துண்டுச் சீட்டைப் பெட்ரோமாக்ஸ் காலத்துப் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாசிப்பார்: மேலத்தெரு இன்னார் அன்பளிப்பு, ரூபாய் ஐம்பத்தொன்று. கூட்டம் கைதட்டும். விட்ட இடத்தில் ஹார்மோனியம் பிடித்துக்கொள்ளும். கலைக்குக் காசு வருவது எனக்குச் சின்ன வயதிலேயே பழகிய காட்சி. காசு பட்டால் கலை கெட்டுவிடும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை, இப்போதும் நம்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, கலைஞன் பட்டினி கிடக்க வேண்டும் என்கிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டும் இருக்கிறார்கள்.

2014இல் சென்னைக்கு வந்து ஒரு விளம்பர ஏஜென்சியில் தமிழ் காபிரைட்டராகச் சேர்ந்தேன். பகலில் சோப்பு, சீட்டுக் கம்பெனி, ஆடித் தள்ளுபடி. மாலையில் எனக்கென்று வேறொரு வாழ்க்கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பழைய சிற்றிதழ்களைத் தேடுவேன். ஒருமுறை 'எழுத்து' இதழின் பிரதி ஒன்று கிடைத்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய பத்திரிகை. அவர் தன் வெளியீடுகளைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதைக் கல்லூரியில் பேராசிரியர் சொல்லிக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பிரதியில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றிக் காபி நிறத்தில் ஒரு வட்டம் பரவியிருந்தது. பக்கத்தைத் திருப்பும்போது அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்ப்பேன். அது அரை நூற்றாண்டின் வேலை.

இன்னொன்று கானா. நான் தங்கியிருந்த விடுதி பெரம்பூரில். வந்த புதிதில் ஒருநாள் ராத்திரி பக்கத்துத் தெருவில் சாவு. விடிய விடிய டோலக்கும் கடசிங்காரியும், நடுவில் ஒரே ஒரு குரலும். தூக்கம் போன எரிச்சலில் மொட்டை மாடிக்குப் போனவள் நாலு மணிவரை அங்கேயே நின்றேன். செத்துப்போனவரின் பெயர், அவர் மூட்டை தூக்கிய இடம், எந்தப் பேத்திமேல் உயிர், கடைசியாக என்ன கேட்டுச் சாப்பிட்டார் எல்லாம் பாட்டில் வந்தன. அவரை நான் பார்த்ததே இல்லை. விடியும்போது எனக்கும் அவர் ஒரு இழப்பாகிவிட்டார். அதற்குப் பிறகு கானாவை எங்கே கேட்டாலும் நின்றுவிடுவேன்.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடையேறியபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். நீலம் பண்பாட்டு மையத்துக்காக இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் சட்டியும் ராக் கிட்டாரும் ஒரே மேடையில். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்டது கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் நின்ற நடுவயது அம்மா ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யார் நடத்துகிறார்கள், எதற்கு நடத்துகிறார்கள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. அரசியல் பேச வந்திருக்கிறோம் என்பதை மறைக்காமல் பாடினார்கள்.

அந்தக் கூட்டத்தில் வேறு வேலையாக வந்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது அடுத்த வருஷக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது.

ஏஜென்சிக்கு ஒரு மதுபான நிறுவனம் வந்தது. என்ன வேண்டும் என்று அவர்கள் எழுதித் தந்த பிரீஃப் நாலு பக்கம். அதில் 'ஆதென்டிக்' என்ற சொல்லை எண்ணினேன், பதினொரு இடத்தில் இருந்தது. 'அண்டர்கிரவுண்ட்' ஏழு இடத்தில். வடசென்னை இளைஞர்களின் 'கச்சாவான ஆற்றல்' வேண்டும் என்று இருந்தது. கானா வேண்டும், சுவர் ஓவியம் வேண்டும், விளம்பரம்போல மட்டும் எதுவும் இருக்கக் கூடாது.

ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. இந்தியாவில் மதுவைத் தொலைக்காட்சியில் நேரடியாக விளம்பரம் செய்ய முடியாது; கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994 அதைத் தடுக்கின்றன. அதனால் அதே பெயரில் சோடா, குடிதண்ணீர், கண்ணாடிக் குவளை, மியூசிக் சிடி என்று ஏதோ ஒன்றை விளம்பரம் செய்வார்கள். டிவியில் விமானமும் படகும் விருந்தும் வந்து கடைசியில் 'மியூசிக் சிடி' என்று எழுத்து ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். பினாமி விளம்பரம் என்பதுதான் இதற்குச் சரியான தமிழ். இந்த வழியில் வருகிற பணத்துக்கு நிகழ்ச்சிகள் வேண்டும், மேடைகள் வேண்டும், இசை வேண்டும். இந்தியாவில் இண்டி இசை, அதாவது சினிமாவைச் சாராத தனி இசை, வளர்ந்த கதையில் பாதி இந்தப் பணத்தின் கதை. 2010இல் புனேயில் தொடங்கிய என்எச்7 வீக்கெண்டர் விழாவின் பெயருக்கு முன்னால் பல வருஷம் பக்கார்டி என்ற பெயர் இருந்தது. அந்த விழாவால் மேடை கிடைத்த நல்ல இசைக்குழுக்கள் எத்தனையோ. அதை மறுக்க மாட்டேன். பெயரையும் நெற்றியில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

எங்களிடம் வந்தவர்கள் கேட்டது அதுகூட இல்லை. நிகழ்ச்சி முடியும்வரை பெயர் வெளியே தெரியக் கூடாது.

முதல் மீட்டிங்கில் எங்கள் கிரியேட்டிவ் தலைவர் ஒரு பிரசன்டேஷன் போட்டார். அமெரிக்க உதாரணங்கள். 2001இல் ஐபிஎம் நிறுவனம் லினக்ஸ் மென்பொருளுக்காக சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ நடைபாதைகளில் அமைதிச் சின்னம், இதயம், பென்குயின் மூன்றையும் வரைய வைத்தது. தானாகக் கரைந்துவிடும் என்று சொன்ன சாயம் கரையவில்லை. நகர நிர்வாகம் அபராதம் போட்டது. 2005இல் சோனி தன் பிஎஸ்பி விளையாட்டுக் கருவிக்காகச் சில நகரங்களில் கிராஃபிட்டி ஓவியர்களுக்குக் காசு கொடுத்துச் சுவர்களில் வரைய வைத்தது. கிறங்கிய கண்களோடு குழந்தைகள் கையில் அந்தக் கருவி. நிறுவனத்தின் பெயரே படத்தில் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் அதன்மேலேயே ஜனங்கள் திட்டி எழுதினார்கள். அடுத்த வருஷம் அதே கருவிக்காக, ரசிகர்கள் தாங்களாக நடத்துவதுபோல ஒரு தளத்தை மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்று நடத்தியது அம்பலமாகி, சோனி ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவையெல்லாம் தவறுகளின் பட்டியல் என்று நினைத்தேன். கடைசி ஸ்லைடில்தான் பாடம் வந்தது: மூன்றிலும் உள்ளூர் ஆட்கள் போதுமான அளவு இல்லை, அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள். அறையில் இருந்த உள்ளூர் ஆள் நான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிற்றிதழ் என்றேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தமிழில் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரு வடிவம் இருக்கிறது, அதில் விளம்பரம் இருக்காது, காசு பார்க்கிற நோக்கம் இருக்காது, இதுதான் அண்டர்கிரவுண்ட் என்று மேஜையில் கையை ஊன்றி விளக்கினேன். பாரதி சாலையில் வாங்கிய என் 'எழுத்து' பிரதியை மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப்போனேன். டிசைனர் அதை ஸ்கேன் செய்தார். பழுப்புக் காகிதத்தின் நிறத்தைத் தனியாக எடுத்தார். துருக்கறை வட்டத்தைத் தனியாக வெட்டி எடுத்தார். வழவழப்பில்லாத விலை உயர்ந்த காகிதத்தில் நான்கு வண்ண ஆஃப்செட்டில் அச்சாகி வந்தது. நானூறு பிரதிகள். முதல் பிரதியைக் கையில் வாங்கிப் பிரித்தபோது நடுப்பக்கத்தில் புத்தம்புது ஸ்டேப்ளர் பின் பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி அச்சடித்த துரு. விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் கைகுலுக்கினார்கள், நானும் குலுக்கினேன்.

போஸ்டர் ஒட்டியதும் அப்படியே. சினிமா போஸ்டர் ஒட்டும் இரண்டு பேரை ராத்திரி ஒரு மணிக்குப் பிடித்தோம். மைதா பசை, அதில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம், நீளக் கட்டையில் தென்னை நார் மட்டை. அவர்களுக்கு அது இருபது வருஷத் தொழில். ஒரு சுருக்கம்கூட விழாமல் ஒரே இழுப்பில் ஒட்டுவார்கள். எங்கள் ஆள், ஓரத்தைக் கிழித்துக் கோணலாக ஒட்டச் சொன்னார். பெரியவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நேரா ஒட்டலன்னா எங்களுக்குக் கூலிய புடிப்பாங்க மேடம். நீங்க கோணையா ஒட்டச் சொல்றீங்க. நாளைக்கு வந்து காசு இல்லேன்னு சொல்லிறப் போறீங்க." முன்பணம் கொடுத்த பிறகுதான் கிழித்தார். கிழிப்பதற்கு அவர் கை கூசியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். போஸ்டரில் நான் எழுதிய இரண்டே சொற்கள்: எதையும் பாடு.

நிகழ்ச்சி ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கில். இடம் எது என்பது இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் செல்போனுக்கு வரும். இருநூறு பேருக்கு மட்டும். கிடங்கின் ஒரு சுவரை முதலில் பூசி, பிறகு ஆங்காங்கே கொத்திவிட்டிருந்தார்கள்.

பாட வந்த தம்பி புளியந்தோப்பு. இருபத்திரண்டு வயதிருக்கும். நான்தான் தேடிப் பிடித்துப் பேசினேன். முதல் சந்திப்பிலேயே "அக்கா" என்றான். அவன் அம்மா எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார். அவனும் டோலக் வாசிக்கும் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சேர்த்து நாலு பேருக்கு எட்டாயிரம் ரூபாய். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். அவனுடைய குரலையும் முகத்தையும் எக்காலத்துக்கும், எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. என்னக்கா போட்டிருக்கு என்று கேட்டான். வழக்கமா போடுறதுதாம்ப்பா என்றேன். கையெழுத்துப் போட்டான்.

பாடப்போகும் பாட்டுகளின் வரிகள் கிளையன்ட்டுக்குப் போயின. ஏழு பாட்டு. ஆறு திரும்பி வந்தன. ஏழாவது, அவன் அப்பாவைப் பற்றியது. குடித்தே செத்தவர். துணிமணியைத் துவைத்து வைத்துவிட்டு அம்மா உட்கார்ந்திருக்கிற பாட்டு. "துவைச்சி வெச்ச சட்டையில தூங்குதம்மா சாராயம்" என்று ஒரு வரி வரும். அந்த வரியை அவன் முதலில் எனக்குப் பாடிக் காட்டியபோது வஞ்சிரத்தட்டு மடியில் இருந்தது, நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

நிகழ்ச்சி அன்றைக்கு மத்தியானம், கிடங்கு வாசலில் அவனிடம் சொன்னேன்.

"அந்தப் பாட்டு வோணாமாக்கா?"

"வேணாம்ப்பா."

"யாருக்கா வோணான்றது?"

"டைம் பத்தாதுப்பா. ஆறு பாட்டுக்குத்தான் டைம்."

"அக்கா, நான் பாடறதே அந்தப் பாட்டுக்குத்தாங்கா. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி தொண்டைய சரி பண்றதுக்கு."

அவன் தலைக்குப் பின்னால் நான் எழுதிய போஸ்டர் கோணலாக ஒட்டியிருந்தது.

ஆறு பாட்டுப் பாடினான். நன்றாகவே பாடினான். கூட்டம் கத்தியது. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் விளக்குப் பலகை எரிந்தது. மதுவின் பெயர், கீழே சின்ன எழுத்தில் 'மியூசிக் சிடி'. அப்படி ஒரு சிடியை அந்த நிறுவனத்தில் யாரும் எனக்கு எடுத்துக் காட்டியதில்லை. தம்பி திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினான். டைம் ஏன் பத்தவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. எதுவும் கேட்கவில்லை. டோலக்கை உறையில் போட அண்ணனுக்கு உதவினான், காசை எண்ணினான், நாலாகப் பிரித்தான், போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் நான் சீக்கிரம் தூங்கியிருப்பேன்.

என்னை உடைத்தது இதற்கு அப்புறம் நடந்தது. அந்தப் பொய்ச் சிற்றிதழின் கடைசிப் பக்கத்தில், உண்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, "படைப்புகளை அனுப்பலாம்" என்று ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டிருந்தோம். போட்டது என் யோசனைதான். கேம்பெயின் ஆறு வாரம். இரண்டாவது இதழ் என்று ஒன்று திட்டத்திலேயே கிடையாது. மூன்றாவது வாரம் கிளையன்ட் சர்வீசிங்கில் இருந்த பெண் என்னிடம் வந்து, தமிழில் நிறைய மெயில் வருகிறது, தலைப்பு மட்டும் மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டாள். திறந்தேன். கவிதைகள். நாற்பத்து மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு நர்சிங் மாணவி, விடுதியில் ராத்திரி விளக்கணைத்த பிறகு செல்போன் வெளிச்சத்தில் எழுதுவதாகச் சொல்லி ஐந்து கவிதை அனுப்பியிருந்தாள். இதுவரை யாருக்கும் காட்டியதில்லை, இந்த இதழைப் பார்த்ததும் அனுப்பலாம் என்று தோன்றியது, பிடிக்கவில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள் என்று முடித்திருந்தாள்.

'எங்கேஜ்மென்ட்: 43' என்று ரிப்போர்ட்டில் போனது. பதில் எழுத அனுமதி கேட்டேன். நிறுவனத்தின் பெயரில் யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. அந்த முகவரி ஆறாவது வாரம் மூடப்பட்டது. அந்தப் பெண்ணின் ஐந்து கவிதையில் ஒன்று நன்றாக இருந்தது, உண்மையாகவே நன்றாக இருந்தது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. இனிமேல் உண்மையான சிற்றிதழ் ஒன்று அவள் கையில் கிடைத்தால் அதற்கு அவள் அனுப்புவாளா? இதைத்தான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். செல்லப்பா தோளில் சுமந்து சம்பாதித்த நம்பிக்கையிலிருந்து நாங்கள் நாற்பத்து மூன்று பேரின் பங்கை எடுத்துச் செலவழித்துவிட்டோம். பணம் போட்டவருக்கு அதற்குக் கணக்கே கிடையாது. அவருடைய பெயர்தான் அந்த இதழில் எங்கேயும் இல்லையே.

பெயர் போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் நேராகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியபோது பெப்சி, கோக் வேண்டாம் என்ற கோஷமும் எழுந்தது. மார்ச் 1 முதல் அவற்றை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மறுநாளே, மார்ச் 2இல், கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்குகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷக் கோடை முழுக்க போவன்டோதான். ஆறு வருஷம் கழித்து, 2023இல், கோக் ஸ்டுடியோ தமிழ் என்ற இசைத் தொடர் வந்தது. மண்ணின் குரல்கள், நாட்டுப்புறத் தாளங்கள், நான் மதிக்கிற பாடகர்கள். நன்றாகப் பாடினார்கள், அவர்களுக்கு உழைப்புக்கான காசு கிடைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பெயரும் முதல் சொல்லாகவே இருக்கிறது, ஒளிவு இல்லை. ஆனாலும் மண், ஆறு என்ற சொற்கள் அந்தச் சிவப்புச் சின்னத்துக்குக் கீழே வரும்போதெல்லாம் எனக்குத் தாமிரபரணி ஞாபகம் வருகிறது. இங்கே என்னால் ஒரு விஷயம் செய்ய முடிகிறது: உபயம் யார் என்று தெரிவதால், ஆற்றைப் பற்றி அவரிடம் கேட்க முடிகிறது. ராயபுரம் கிடங்குக்கு வந்த இருநூறு பேரால், பாட்டு முடிந்து பலகை எரிகிறவரை, அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

விதிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் பாராட்டுகிறவர்கள் அதை விளம்பரம் என்று சொல்ல வேண்டும் என விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021இல் விதி கொண்டுவந்தது. அந்தச் சொல் 'மேலும்' என்பதை அழுத்தாமலேயே தெரிய வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் பினாமி விளம்பரத்தைப் பெயர் சொல்லியே தடுத்தன. நல்லது. ஆனால் கிழித்து ஒட்டிய போஸ்டரையும் அச்சடித்த துருவையும் எந்த விதியில் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்கள் என்னைப் போன்றவர்கள். கானாவுக்காக மொட்டை மாடியில் நின்றவர்கள், சிற்றிதழைத் தேடி வெயிலில் அலைந்தவர்கள். உள்ளே எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஏஜென்சிகள் எங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது அந்தக் கதவைத் திறந்துவிடுவதற்குத்தான். இப்போது அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், கையில் இருக்கும் பழைய பிரதியை ஆபீசுக்கு எடுத்துப்போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் 2021இல் வெளியே வந்தேன். இப்போது ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறேன். சம்பளம் பாதிக்கும் கீழே.

வேலையை விட்ட பிறகு தம்பிக்கு போன் போட மூன்று மாதம் ஆனது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். யார் காசு, யார் அந்தப் பாட்டை அடித்தது, ஒன்பதாம் பக்கத்தில் என்ன இருந்தது எல்லாவற்றையும். நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "தெரியும்க்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொல்லுவன்னு பாத்தேன். லேட்டாயிடுச்சு" என்றான். அவ்வளவுதான்.

போன மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் அவனே கூப்பிட்டான். பெரியம்மா தவறிவிட்டார்கள், ராத்திரி பாடுகிறேன், வர முடிந்தால் வா என்றான். போனேன். தெருவை அடைத்துச் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலி. பேப்பர் கப்பில் டீ வந்துகொண்டே இருந்தது. பெரியம்மா மீன் கூடை சுமந்த தெருக்கள் ஒவ்வொன்றாகப் பாட்டில் வந்தன. பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த ஏழாவது பாட்டை எடுத்தான். சட்டையின் வரி வந்தபோது நாற்காலியில் இருந்த இரண்டு மூன்று ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் அம்மா குனியவில்லை. நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஆட்கள் எழுந்துபோய் அவன் சட்டையில் ஊக்கு வைத்து ரூபாய் குத்தினார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் தொகையையும் டோலக் அண்ணன் மைக்கில் சொன்னார். நானும் எழுந்தேன். என்னிடம் ஊக்கு இல்லை. பக்கத்திலிருந்த அம்மா தன் வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். நூறு ரூபாயைக் குத்தும்போது என் கை நடுங்கியது. தம்பி குனிந்து பார்த்து ஊக்கைச் சரியாக மாட்டிவிட்டான்.

டோலக் அண்ணன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "இன்னா பேர் சொல்றதும்மா?"

சொன்னேன். ஊரையும் சேர்த்துச் சொன்னேன். மைக்கில் என் பெயரும் நூறு ரூபாயும் வந்தன. யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். டோலக் மறுபடி எடுத்தது.